பல் கேப் சொந்தப் பல் போல் தெரிய லேபில் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பல்லுக்குக் கேப் போடப் போகிறவர்களும், லேப் வேலை கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளும், சில சமயம் புதிதாகக் கிளினிக் வைத்த டாக்டர்களும் கேட்கிற கேள்விகள் இவை. செராமிக் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் என்ற முறையில் பதில் சொல்லியிருக்கிறேன். கடைவாய்ப் பல்லைப் பற்றி அதிகம் இருக்காது. அங்கே உறுதியும் கடிப்பும் சரியாக இருந்தால் போதும். சிரித்தால் தெரிகிற பற்கள்தான் எங்களைப் படுத்துகிறவை.

பக்கத்துப் பல்லின் நிறத்திலேயே செய்தும் கேப் மட்டும் தனியாகத் தெரிகிறதே, ஏன்?

நிறம் சரியாக இருந்து, வெளிச்சம் போகிற விதம் தப்பாக இருந்தால் அப்படித்தான் தெரியும். சொந்தப் பல்லில் பட்ட வெளிச்சம் முழுவதும் மேலேயே பட்டுத் திரும்பிவிடுவதில்லை. பல்லின் மேல் ஓடான எனாமலுக்குள் புகுந்து, அடியில் பல்லின் உடலாக இருக்கும் டென்டினில் சிதறி, கொஞ்சம் வேர்ப் பக்கமாகக் கசிந்து, மீதிதான் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. டென்டின் மஞ்சள் கலந்து மங்கலாக இருக்கும். ஈறு ஓரத்தில் எனாமல் மெல்லிசு, அதனால் அங்கே மஞ்சள் தூக்கலாகத் தெரியும். கடிக்கும் விளிம்பில் டென்டின் முடிந்து எனாமல் மட்டும் நிற்பதால் நீலமும் சாம்பலும் கலந்த சாயல் வரும். இருபது வயதுப் பிள்ளையின் மேல் முன்பல்லை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அந்த நீலத்துக்குள் டென்டினின் மூன்று முனைகள் மங்கலாகத் தெரியும். அவற்றை மாமிலான் என்போம். அதற்கும் கீழே, விளிம்பின் நுனியில், நூல் கனத்துக்கு ஒரு வெளிர்க்கோடு ஓடும்.

ஒரே நிறக் கட்டியில் கடைந்து எடுத்த கேப்பில் இது எதுவுமே இருக்காது. சராசரி நிறம் பொருந்தியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் வேல்யூ. ஒரு நிறத்தை நாங்கள் மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம். மஞ்சளா சிவப்பா என்பது ஹியூ, எவ்வளவு அடர்த்தி என்பது குரோமா, எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பது வேல்யூ. நிறக் கார்டில் ஏ2வா பி2வா என்று அரை மணி நேரம் பேசுவார்கள், வேல்யூ ஒரு படி ஏறிப்போனதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் எதிரே நின்று பேசுகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஹியூ கொஞ்சம் தப்பினால் யாருக்கும் தெரியாது. வேல்யூ தப்பினால் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும்.

அப்படியானால் ஷேட் எடுக்கும்போது, அதாவது பல்லின் நிறத்தைக் கார்டோடு ஒப்பிட்டுக் குறிக்கும்போது, என்ன கவனிக்க வேண்டும்?

முதல் விஷயம், பல்லைத் தொடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். வாயைத் திறந்து வைத்துப் பஞ்சு வைத்து வேலை செய்யும்போது பல் உலர்ந்துபோகும். உலர்ந்த எனாமல் வெளுப்பாகவும் ஒளி ஊடுருவாமலும் தெரியும். அந்த நேரத்தில் ஷேட் எடுத்தால், வீட்டுக்குப் போய்ப் பல் ஈரம் பிடித்த பிறகு கேப் மட்டும் வெள்ளையாக நிற்கும். ஈரம் பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரம் போதாது, சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். லேபுக்குத் திரும்பி வருகிற 'ரொம்ப வெள்ளை' கேப்புகளில் பல இந்த ரகம்தான்.

லிப்ஸ்டிக் இருந்தால் துடைக்கச் சொல்ல வேண்டும். பளிச்சென்ற உடை போட்டிருந்தால் கழுத்துவரை சாம்பல் நிறத் துணி போட்டு மறைக்க வேண்டும். டென்டல் சேர் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்க வெளிச்சத்திலோ, 5500 முதல் 6500 கெல்வின் வரையுள்ள விளக்கிலோ பார்க்க வேண்டும். ஒரு விளக்கில் பொருந்தியது இன்னொன்றில் பொருந்தாமல் போகும், பீங்கானுக்கு இந்தக் குணம் உண்டு. அதனால் குறைந்தது இரண்டு வெளிச்சத்திலாவது பார்த்துவிடுவது நல்லது. ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் உற்றுப் பார்க்கக் கூடாது, கண் பழகிவிடும். நடுவில் சாம்பல் அட்டையைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்ளலாம். வேல்யூவைப் பார்க்க மட்டும் கண்ணைப் பாதி சுருக்கிக்கொண்டு பாருங்கள், எது முதலில் மறைகிறதோ அது இருட்டு.

வீட்டா கிளாசிக்கல் என்ற நிற மாதிரிக் கார்டில் 16 ஷேடுகள் உண்டு. ஏ வரிசை சிவப்பு-பழுப்பு, பி சிவப்பு-மஞ்சள், சி சாம்பல், டி சிவப்பு-சாம்பல். நம் ஊரில் பெரும்பாலும் ஏ வரிசைதான் ஓடுகிறது. கார்டுத் துண்டைப் பல்லுக்கு முன்னால் நீட்டிப் பிடிக்காமல், பல் இருக்கும் அதே தளத்தில், விளிம்போடு விளிம்பு வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. கார்டில் இருக்கிற எழுத்தும் படத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் அந்தப் படத்தால் பிரயோஜனம் இல்லை. பூர்த்தி செய்யாத ஷேட் சீட்டோடு வாட்ஸ்அப்பில் வருகிற மஞ்சள் படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பீங்கானில் எத்தனை வகை? எது நல்லது?

எது நல்லது என்பது பல்லைப் பொறுத்தது. வகைகளைச் சொல்லிவிடுகிறேன்.

பழசு, ஃபெல்ட்ஸ்பார் பீங்கான். பெரும்பகுதி கண்ணாடிதான், அதனால் அழகில் இதை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை. உறுதி மட்டும் குறைவு, நூறு மெகாபாஸ்கலை (உடையாமல் தாங்கும் அழுத்தத்தின் அலகு) ஒட்டி அல்லது அதற்கும் கீழே. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட் 1880களில் பிளாட்டினத் தகட்டின் மேல் பீங்கானைச் சுட்டு முழுப் பீங்கான் கேப் செய்த காலத்திலிருந்தே உடைவதுதான் இதன் தலைவலி. (விமானி சார்லஸ் லிண்ட்பர்க் இவருடைய மகள் வயிற்றுப் பேரன்.) அந்தத் தலைவலிக்கு மருந்தாகத்தான் உள்ளே உலோகம் வைத்து மேலே பீங்கான் சுடும் முறை 1960களில் பரவியது. உலோகமும் பீங்கானும் சூட்டில் விரிகிற அளவு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போது விரிசல் விடும். லூசைட் என்ற படிகத்தைப் பீங்கானில் கூட்டி விரிவை உலோகத்துக்கு நெருக்கமாக ஏற்றினார்கள். உலோகத்தைவிடப் பீங்கான் ஒரு துளி குறைவாகச் சுருங்கும்படி வைப்பதுதான் சூட்சுமம். ஆறியதும் பீங்கான் அழுத்தத்தில் நிற்கும், அழுத்தத்தில் இருக்கிற கண்ணாடி லேசில் உடையாது.

அடுத்தது லித்தியம் டைசிலிகேட். கண்ணாடிக்குள் ஊசி ஊசியாகப் படிகங்கள் அடர்ந்திருக்கும். சோதிக்கிற முறையைப் பொறுத்து 360 முதல் 500 மெகாபாஸ்கல் வரை உறுதி சொல்கிறார்கள். ஒளியும் புகும். ஒற்றை முன்பல்லுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

கடைசியாக ஜிர்கோனியா. இதில் கண்ணாடியே கிடையாது, முழுக்கப் படிகம். 3 மோல் சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்ஸைடு) சேர்த்தது 900 முதல் 1200 மெகாபாஸ்கல் வரை தாங்கும், ஆனால் மங்கலானது. 5 சதவீதம் சேர்த்ததில் ஒளி நன்றாகப் புகும், உறுதி பாதியை ஒட்டி இறங்கிவிடும். 4 சதவீதம் நடுவில் நிற்கும். 'ஜிர்கோனியா உடையவே உடையாது' என்று விற்கிறவர்கள் எந்த ஜிர்கோனியா என்று சொல்வதில்லை.

பவுடர் வைத்துக் கட்டுவது என்கிறார்களே, அதை எப்படிச் செய்கிறீர்கள்?

லேயரிங் என்போம். இதைத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசை.

கண்ணாடித் தட்டில் பவுடர்கள் தனித்தனியாக இருக்கும்: ஒளி புகாத ஒப்பேக் டென்டின், டென்டின், மாமிலான் பவுடர், எனாமல், நீலச் சாயல் உள்ள ஓப்பல், முழுக்கத் தெளிவான டிரான்ஸ்பா. சுடுவதற்கு முன் எல்லாம் ஏறக்குறைய ஒரே வெள்ளையில் இருப்பதால் தெரிந்துகொள்ள ரோஸ், நீலம் என்று எரிந்துபோகிற சாயம் சேர்த்திருப்பார்கள். மாடலிங் திரவம் விட்டுக் குழைக்கும்போது காற்றுக்குமிழ் உள்ளே போகாமல் ஒரே பக்கமாகக் கலக்க வேண்டும். பிரஷ் நுனியில் எடுத்தால் சொட்டவும் கூடாது, உதிரவும் கூடாது.

முதலில் ஈறு ஓரத்தில் அடர்ந்த டென்டின். பிறகு பல்லின் முழு உருவத்தையும் டென்டினிலேயே கட்டிவிட்டு, விளிம்பில் கத்தியால் வெட்டி எடுப்போம். எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதைப் பக்கத்துப் பல் சொல்லும். வெட்டிய இடத்தில் மூன்று மாமிலான் முனைகள், நடுவில் ஓப்பல், இரண்டு ஓரங்களிலும் நீலம் கொஞ்சம் தூக்கலாக, எல்லாவற்றுக்கும் மேலே எனாமல் போர்வை. ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் மாடலை லேசாகத் தட்டினால் தண்ணீர் மேலே வந்து மினுங்கும். அதை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும்போது துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நன்றாக நெருக்கிய கேப் சுருங்குவதும் குறைவு, சுட்டபின் உள்ளே தெளிவும் அதிகம். எப்படிக் கட்டினாலும் சுடும்போது சுருங்கத்தான் செய்யும், அதனால் 15 முதல் 20 சதவீதம் பெரிதாகவே கட்டுவோம். முதல் தடவை பார்க்கிறவர்கள், 'இவ்வளவு பெரிய பல்லா?' என்று பதறுவார்கள்.

முழுப் பல்லுக்கும் சேர்த்து எங்களுக்குக் கிடைக்கும் கனம் முன்பக்கம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதிலேதான் அஸ்திவாரம், டென்டின், எனாமல் எல்லாம். டாக்டர் பல்லைப் போதுமான அளவு செதுக்காமல் 0.7 மில்லிமீட்டர் இடம் விட்டுவிட்டு 'இயற்கையாக வேண்டும்' என்றால், ஒன்று கேப் முண்டிக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஒப்பேக் பல்லிளிக்கும்.

சூளையில் என்ன தப்பு நடக்கலாம்?

நிறைய. கட்டிய கேப்பைச் சூளையின் வாயருகே சில நிமிடம் காய வைத்துத்தான் உள்ளே ஏற்ற வேண்டும். ஈரத்தோடு ஏற்றினால் நீராவி வெடித்து எனாமல் பிளந்துவிடும். சூடு நிமிடத்துக்கு ஐம்பது டிகிரி வாக்கில் ஏறும். 450 டிகிரி தாண்டியதும் வெற்றிடம் பிடித்து, உச்ச வெப்பத்தை நெருங்கும்வரை காற்றை உறிஞ்சி எடுப்போம். காற்றுக்குமிழ் உள்ளே மாட்டினால் கேப் பால் நிறமாகிவிடும். எந்தப் பவுடர் என்பதைப் பொறுத்து 750 முதல் 930 டிகிரி வரை.

சூடு குறைந்துபோன பீங்கான் மங்கலாக, தூள் படிந்ததுபோல் இருக்கும். சூடு கூடினால் கண்ணாடிபோல் மினுமினுத்து, விளிம்பும் மூலையும் உருண்டு, வேல்யூ சரிந்து சாம்பலாகிவிடும். திரையில் 900 என்று காட்டினாலும் உள்ளே 900 இருக்கும் என்று நம்ப முடியாது. அதற்கு வெள்ளிக் கம்பி வைத்துச் சோதிப்போம். வெள்ளி 962 டிகிரியில் உருகும், அந்த இடத்தில் உருகாவிட்டால் சூளையைத் திருத்த வேண்டும். பல லேப்களில் இதை வருஷக்கணக்கில் செய்வதில்லை. ஷேட் சரியில்லை என்று பவுடர் கம்பெனியைத் திட்டுவார்கள்.

திரும்பத் திரும்பச் சுடுவதும் ஆபத்து. நாலு, அஞ்சு தடவை சூளைக்குப் போய் வந்த பீங்கானில் கண்ணாடி படிகமாக மாறத் தொடங்கி உயிர் போய்விடும். 'இந்த மூலையில் இன்னும் துளி நீலம்' என்று ஆசைப்படுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறோம்.

பிரஸ் கேப் என்றால்? அந்த நீலக் கட்டி எதற்கு?

இரண்டும் லித்தியம் டைசிலிகேட்தான், வழிதான் வேறு. பிரஸ் முறையில் கேப்பை மெழுகில் செய்து, இன்வெஸ்ட்மென்ட் என்ற, சூட்டைத் தாங்கும் அச்சு மாவில் புதைத்து, 850 டிகிரியில் மெழுகை எரித்துவிட்டு, அந்தக் குழிக்குள் 920 டிகிரி வாக்கில் இளகிய கட்டியை அழுத்தி நிரப்புவோம். ஐம்பொன் சிலை வார்க்கிற தத்துவம் இதுதான், கொஞ்சம் அழுத்தம் கூடுதல். வெளியே எடுத்ததும் மேலே ஒட்டியிருக்கும் வெண்படலத்தை நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து முழுக்க எடுக்க வேண்டும். அது ஒட்டியிருந்தால் மேலே வைக்கும் பீங்கானில் குமிழ் கிளம்பும்.

நீலக் கட்டி இயந்திரத்தில் கடைவதற்கானது. அது இன்னும் முழுதாகப் படிகமாகாத நிலை, லித்தியம் மெட்டாசிலிகேட். முழு உறுதிக்கு வந்த பிறகு கடைந்தால் பர் (கடைகிற முனை) தேய்ந்து தீர்ந்துவிடும் என்பதால் பாதி வேக்காட்டில் தருகிறார்கள். கடைந்தபின் 840, 850 டிகிரியில் சுட்டால் படிகம் மாறிப் பல் நிறம் வரும். ஊதா நிறத்தில் கேப்பைப் பார்த்துப் பயந்துபோன நோயாளிகள் உண்டு. இதில் சுருக்கம் மிகச் சொற்பம். அதனால் நிறம் வருவதற்கு முன்பே பல்லில் மாட்டிப் பொருத்தம் பார்த்துவிடலாம்.

ஜிர்கோனியா எங்கிருந்து வருகிறது? அதை எப்படிப் பல் ஆக்குகிறீர்கள்?

சிர்கான் என்ற மணலிலிருந்து. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், மோனசைட்டோடு சிர்கானும் உண்டு. பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல் அங்கே பிரித்தெடுக்கிறது. 1789ல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் இந்தத் தனிமத்தைக் கண்டறிந்ததும் இலங்கையிலிருந்து போன சிர்கான் கல்லில்தான்.

லேபுக்கு வருவது 98.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளை வட்டு. பாதி சுட்ட நிலையில் சாக்பீஸ் மாதிரி இருக்கும், நகத்தால் கீறினாலும் உதிரும். சுடும்போது ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், வட்டில் அச்சிட்டிருக்கும் பெருக்க எண்ணைக் கணினியில் கொடுத்து அந்த அளவு பெரிதாகக் கடைவோம். 1.22, 1.25 என்று வட்டுக்கு வட்டு அந்த எண் மாறும். தப்பாகக் கொடுத்தால் கேப் பல்லில் ஏறாது, அல்லது லொடலொடவென்று ஆடும்.

கடைந்த பிறகு, சுடுவதற்கு முன், நிறத் திரவத்தைப் பிரஷ்ஷால் ஊற வைப்போம். இரும்பு உப்பு மஞ்சளும் பழுப்பும் தரும், எர்பியம் ரோஸ் தரும். அழகைத் தீர்மானிக்கிற இடம் இதுதான். ஈறு ஓரத்தில் இரண்டு தடவை, நடுவில் ஒரு தடவை, விளிம்பில் சாம்பல்-நீலம். திரவம் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதற்குத் தகுந்தபடி ஆழம் மாறும், போடும்போது உண்மை நிறம் தெரியாது. பல அடுக்கு நிறத்தில் வட்டே வருகிறது இப்போது. அதில் கேப்பை எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மேலே ஏற்றி வைத்தால் நிறமே வேறாகிவிடும்.

நிறம் போட்டதும் விளக்கடியில் நன்றாகக் காய வைத்து, 1450 முதல் 1550 டிகிரியில் சுட வேண்டும். வழக்கமான ஓட்டம் எட்டு, பத்து மணி நேரம், ராத்திரியில் ஏற்றிவிட்டுக் காலையில் எடுப்போம். ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிற வேக ஓட்டமும் வந்துவிட்டது. அதற்கென்று செய்த வட்டாக இல்லாவிட்டால் தெளிவு குறையும், முன்பல்லுக்கு நான் அதைத் தொடுவதில்லை. சூளையின் சூட்டுக்கம்பிகள் மாலிப்டினம் டைசிலிசைடு. அதிலிருந்து தூசு உதிர்ந்தால் கேப்பில் மஞ்சள்-பச்சை படரும். வெற்றுச் சூளையை அவ்வப்போது சுத்திகரிப்பு ஓட்டத்தில் ஓட்டிவிட வேண்டும்.

ஜிர்கோனியா கேப் ஏன் சில சமயம் ஒட்டவைத்த பொம்மைப் பல்லாகத் தெரிகிறது?

எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62 அளவில் இருக்கிறது. ஜிர்கோனியாவுக்கு 2.1க்கு மேல். அதனால் மேற்பரப்பிலேயே நிறைய வெளிச்சம் திரும்பிவிடுகிறது, கண்ணாடிபோல் ஒரு பளபளப்பு. அதோடு சாதாரண ஜிர்கோனியாவின் படிகங்கள் ஒளியைத் திசைக்கொரு விதமாக வளைப்பதால் உள்ளே சிதறல் அதிகம். இட்ரியா கூடும்போது கனசதுரப் படிகம் கூடுகிறது, அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைப்பதால் தெளிவு வருகிறது. ஆனால் விரிசலைத் தடுத்து நிறுத்துகிற குணம் நாற்கோணப் படிகத்துக்குத்தான். விரிசல் நெருங்கினால் அது உருமாறி, நாலைந்து சதவீதம் பருத்து, விரிசலின் வாயை அழுத்தி மூடும். தெளிவைக் கூட்டினால் அந்தக் குணத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

முன்பல்லுக்கு ஜிர்கோனியாதான் வேண்டும் என்றால் முன்பக்கத்தை மட்டும் அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் வரை குறைத்துக் கடைந்து, அதன் மேல் பீங்கான் அடுக்குவது நல்ல வழி. கடிப்பு விழும் பின்பக்கம் முழு ஜிர்கோனியாவாகவே இருக்கட்டும். அப்புறம் ஒன்று, இது சூட்டை மெதுவாகக் கடத்தும் பொருள். சுட்டதும் சூளையை அவசரமாகத் திறந்தால் மேல் பீங்கானில் இறுக்கம் தங்கி, ஆறு மாதம் கழித்து முறுக்கு கடிக்கும்போது சில்லு பெயரும். மெதுவாக ஆற விட வேண்டும்.

வேர் சிகிச்சை செய்து கறுத்துப்போன பல்லின் மேல் எந்தக் கேப் போடலாம்?

கேப்புக்குள் இருக்கிற மொட்டைப் பல்லின் நிறத்தை ஸ்டம்ப் ஷேட் என்போம். அதை யாரும் அனுப்புவதே இல்லை! கறுத்த பல்லோ, வேருக்குள் ஊன்றிய உலோகப் போஸ்ட்டோ உள்ளே இருக்கும்போது, ஒளி நன்றாகப் புகும் லித்தியம் டைசிலிகேட்டை மேலே மாட்டினால் மேஜையில் அழகாக இருந்தது வாயில் போனதும் சாம்பலாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒளி குறைவாகப் புகும் கட்டியையோ, 3 சதவீத ஜிர்கோனியாவையோ அடியில் வைத்து மறைத்து, மேலே அடுக்க வேண்டும். மறைக்க மறைக்க உயிர் குறையும், அதனால் எவ்வளவு மறைக்க வேண்டுமோ அவ்வளவுதான். ஸ்டம்ப் ஷேட் தெரிந்தால் அதே நிறப் பிசினில் மாடல் பல்லைச் செய்து அதன் மேல் வைத்துப் பார்த்துவிடலாம்.

உலோகக் கேப்பில் ஈறு ஓரம் கறுப்புக் கோடு வருவது ஏன்?

ஓரத்தில் இருக்கும் உலோக வளையமும் அதன் நிழலும்தான். மெல்லிய ஈறாக இருந்தால் வேரிலிருந்து ஒளி கசிவதை உலோகம் தடுத்து ஈறே கறுத்துத் தெரியும். ஓரத்தில் உலோகத்தைக் குறைத்துப் பீங்கானாலேயே விளிம்பு செய்யலாம்.

நிறமும் சரி, தெளிவும் சரி. அப்படியும் ஏதோ ஒட்டவில்லை என்றால்?

மேற்பரப்பைப் பாருங்கள். இளவயதுப் பல்லில் ஈறுக்கு இணையாக மெல்லிய வரிகள் குறுக்கே ஓடும், பெரிகைமேட்டா என்பார்கள். மேலிருந்து கீழாக இரண்டு பள்ளங்கள் இறங்கும். வயதாக ஆகத் தேய்ந்து வழவழப்பாகிவிடும். அறுபது வயதுக்காரருக்கு வரிவரியாகச் செய்தாலும் தப்பு, இருபது வயதுக்காரிக்கு வழவழவென்று செய்தாலும் தப்பு. மாடலிலும் கேப்பிலும் வெள்ளிப் பொடியைத் தேய்த்தால் நிறம் மறைந்து மேடு பள்ளம் மட்டும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் செதுக்குவோம்.

முன்முகம் பக்கவாட்டில் திரும்புகிற இரண்டு மூலைக்கோடுகளும் அப்படித்தான். பல் எவ்வளவு அகலம் என்று கண் அளப்பது அந்த இரண்டு கோட்டுக்கு நடுவேதான். இடைவெளி கூடுதலாக இருந்து பல் அகலமாகச் செய்ய வேண்டி வந்தால், கோடுகளைப் பக்கத்துப் பல்லில் இருக்கிற அதே தூரத்தில் வைத்துவிட்டு மீதியை உள்பக்கமாக வளைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் போட்டு மினுக்கிவிடுவது சுலபம். ஆனால் கிளேஸ் இந்த நுணுக்கத்தை எல்லாம் நிரப்பிவிடும். நான் மெல்லிசாகக் கிளேஸ் சுட்டு, பிறகு ரப்பர் சக்கரத்தாலும் பேஸ்ட்டாலும் தேய்த்துப் பளபளப்பைப் பக்கத்துப் பல் அளவுக்கு இறக்குவேன்.

தர்மபுரிப் பக்கத்துக்காரர் நான். மற்றப் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் இருக்கிறது. கேப்பிலும் அது வருமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால் வரும் கறை அது. கேப்பிலும் கொண்டுவரலாம். வெள்ளைத் திட்டை எனாமல் அடுக்குக்கு அடியில் வைக்க வேண்டும், மேலே பூசினால் ஒட்டடைபோல் தெரியும். பழுப்பை மட்டும் மேல் சாயமாகப் பூசிச் சுடலாம். கண்ணாடியில் தினம் பார்ப்பது நீங்கள்தான், அதனால் கறை வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். 'கேப்பாவது சுத்தமாக இருக்கட்டும்' என்பார்கள் பலர். சரி, செய்து தரலாம். ஆனால் அந்த ஒன்று தனியாகத் தெரியும் என்று முன்பே சொல்லிவிடுவோம்.

கல்யாண மண்டப லைட்டில் கேப் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. பழுதா?

அது டிஜே ஆட்கள் போடும் ஊதா விளக்காக இருக்கும். புற ஊதா ஒளியில் சொந்த டென்டின் நீலவெள்ளையாக ஒளிரும், ஒளிராத பீங்கான் இருண்டு நிற்கும். இந்த ஒளிர்வுக்காக ஒரு காலத்தில் பல் பீங்கானில் யுரேனியம்கூடச் சேர்த்திருக்கிறார்கள். இப்போது அருமண் ஆக்ஸைடுகளைச் சேர்க்கிறார்கள். வெறும் ஜிர்கோனியா ஒளிராது, ஒளிரும் கிளேஸ் அல்லது ஒளிரும் பீங்கான் அடுக்கு தேவை.

பின்னாளில் பல்லை ப்ளீச் செய்தால் கேப்பும் வெளுக்குமா?

வெளுக்காது. ப்ளீச் செய்வதாக இருந்தால் முதலில் அதைச் செய்து, இரண்டு வாரம் நிறம் நிலைக்க விட்டு, அப்புறம் ஷேட் எடுங்கள்.

ஒட்டும் சிமெண்ட் நிறத்தை மாற்றுமா?

மெல்லிய லித்தியம் டைசிலிகேட்டிலும், பல்லின் முன்பக்கம் மட்டும் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீரிலும் மாற்றும். அதனால் சிமெண்டின் நிறத்திலேயே கிடைக்கும் ட்ரையல் பேஸ்ட்டை உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர்கூட வைக்காமல் வெறுமனே மாட்டிப் பார்த்தால் இடையில் காற்று நின்று வேல்யூ தப்பாகக் காட்டும். லித்தியம் டைசிலிகேட்டின் உள்பக்கத்தை 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் 20 விநாடி அரித்து, கழுவி, சிமெண்ட் பிடிப்பதற்கான சைலேன் திரவம் பூச வேண்டும். இது வாய்க்கு வெளியே மட்டும். ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லாததால் இந்த அமிலம் பயன்படாது. நுண்ணிய அலுமினா மணலை மெதுவான அழுத்தத்தில் அடித்து, ஜிர்கோனியாவோடு பிணைகிற எம்டிபி என்ற வேதிப்பொருள் உள்ள பிரைமர் பூச வேண்டும்.

கடிப்பு இடிக்கிறது என்று கிளினிக்கில் தேய்த்தார்கள். பரவாயில்லையா?

தேய்த்தது தப்பில்லை. அப்படியே அனுப்பிவிட்டால்தான் தப்பு. ஜிர்கோனியாவை நன்றாக மெருகேற்றினால் எதிர்ப்பல்லுக்குச் சேதம் குறைவு. சொரசொரப்பாக விட்டால் எதிரே இருக்கும் எனாமலை அரம்போல் ராவிவிடும். தேய்த்த இடத்தை வைரத் துகள் கலந்த ரப்பரால் மெருகேற்றச் சொல்லிக் கேளுங்கள், நாக்கால் தடவினால் தெரிந்துவிடும். அமில ஃப்ளோரைடு ஜெல்லும் பீங்கானின் மினுக்கத்தை அரிக்கும், கேப் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

வாரண்டி கார்டு தருகிறார்களே, நிறத்துக்கும் அது உண்டா?

பொதுவாக உடைந்தால்தான். நிறம் பிடிக்கவில்லை என்பதை ஒட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும்.

ட்ரையலில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

டாக்டர் தருகிற கைக்கண்ணாடியில் மூக்குக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள், அந்தத் தூரத்தில் உங்களை யாரும் பார்ப்பதில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய், கை நீளத் தூரத்தில் கண்ணாடியைப் பிடித்து, பேசிப் பாருங்கள், சிரித்துப் பாருங்கள். மேல் முன்பல்லின் விளிம்பு 'ஃப' சொல்லும்போது கீழுதட்டை மெதுவாகத் தொட வேண்டும். ஒரு போட்டோ எடுத்து அதைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், வேல்யூ தப்பியிருந்தால் கேப் உடனே பிதுங்கித் தெரியும். வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் எந்தப் பல் கேப் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். பிடிக்காத இடம் இருந்தால் 'நல்லா இல்லை' என்று மட்டும் சொல்லாமல், விளிம்பா, ஈறு ஓரமா, வெளுப்பா, மினுக்கமா என்று இடத்தைச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு பீங்கானை உடைத்துத்தான் எடுக்க முடியும்.